அக்காவின் காதும் அந்த வெள்ளை மருந்தும்

அக்கா புட்டியைக் குலுக்கினாள். உள்ளே வெள்ளை மருந்து கெட்டி மோர் மாதிரி அலைந்தது. மூடியில் ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்தபடி நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினாள்.

"ஆரம்பிச்சிடுச்சாக்கா?"

"ம். ரேடியோவுல ஸ்டேஷன் மாத்தும்போது நடுவுல ஒரு விசில் வருமில்ல, அதேதான். நிக்கவே மாட்டேங்குது."

அந்த நொடியில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. மருந்து உள்ளே போகிறது, காதில் விசில் வருகிறது. அப்படியானால் விசிலுக்குக் காரணம் மருந்து! இதைவிடத் தெளிவாக இன்னும் என்ன வேண்டும்? நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"அக்கா, இந்த மருந்துதான் உன் காதைக் கெடுக்குது!"

"கத்தாதடி, லைன்ல ஆள் இருக்காங்க," என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஓர் உப்பு வியாபாரிக்குத் திண்டிவனம் டிரங்க் கால் போட்டாள்.

இது நடந்தது இந்த வருஷத் தவக்காலத்தில், எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். நான் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில் மரக்காணம் வந்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்து படிக்கிற ஜாதி இல்லை நான். அதனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடுவேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். ஒரு அறை, லைனை இணைக்கிற ஒரு போர்டு, ஒரு மேஜை விசிறி, உப்பளத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று. ஊரில் டெலிபோன் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் உப்பு வியாபாரிகள்தான். லாரி வந்ததா, லோடு ஏறியதா, மழை வருமா என்பதுதான் பேச்சு.

அந்தப் பேச்சையெல்லாம் காது வழியாகக் கடத்துவது அக்காவின் வேலை. அந்தக் காதில்தான் விசில்.

அக்கா அப்போது டெம்பரவரி. அவளோடு வேலை பார்த்தவர் பிரசவ லீவில் போய்விட, இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அதற்கு முன்னால் மெடிக்கல். கண், மார்பு, கூடவே காதும் பார்ப்பார்கள். காது சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் போர்டில் உட்கார முடியாது. வேறு வேலை தருவார்களா, வீட்டுக்குப் போ என்பார்களா, யாருக்கும் தெரியாது. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அவர் சம்பளம் வீட்டுக்கு, அக்கா சம்பளம் என் படிப்புக்கு. நான் ஹாஸ்டல் மெஸ்ஸில் குழம்பு சரியில்லை என்று சண்டை போட முடிகிறதென்றால், அது அவள் தலையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரும்புப் பட்டையின் தயவு. இதை நான் அவளிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் "போடி" என்பாள்.

அதனால் விசிலை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்பதில் எனக்கு அவளைவிட அவசரம்.

என் யோசனைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னாவைக் கூடுதலாகச் சாப்பிட்டால் காது இரையும் என்று கெமிஸ்ட்ரி சார் வகுப்பில் சொல்லியிருந்தார். ஒரு மருந்து காதைத் தொடுமானால் இன்னொன்று ஏன் தொடாது? அக்காவின் வெள்ளை மருந்து நெஞ்செரிச்சலுக்குத் திண்டிவனம் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த சங்கதி. புட்டியின்மேல் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன். ஆராய்ச்சி என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா? அதனால் அவளை உட்கார வைத்து விசாரித்தேன்.

"இது தவிர வேற என்ன மருந்து சாப்பிடற?"

"வேற ஒண்ணும் இல்லையே."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்னடி இருக்குது? எப்பவாச்சும் ஆப்ப சோடா போட்டுக் குடிப்பேன், ஏப்பம் வரட்டும்னு. அதுவும் இந்த எரிச்சலுக்குத்தான்."

"டானிக்? ஊசி?"

"ஏம்மா, இவ என்ன போலீஸா?" என்று அக்கா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"படிச்ச பொண்ணு கேக்குறா, பதில் சொல்லேன்," என்றாள் அம்மா.

"படிச்சு முடிக்கட்டும் மொதல்ல," என்றாள் அக்கா. ஆனாலும் குருத்தோலை ஞாயிறு முதல் வெள்ளை மருந்தை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டாள். மெடிக்கல் பயம் அவளுக்கும் இருந்தது.

நிறுத்தினோம். நெஞ்செரிச்சல் எகிறியது. அதை எதிர்பார்த்தேன். அக்கா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, காது சரியாயிடும்" என்றேன். எதிர்பார்க்காதது காதில் நடந்தது. விசில் குறையவில்லை, ஏறியது. இரண்டாம் நாள் ரேடியோ விசில் போய்ச் சில்வண்டு வந்துவிட்டது. புதன்கிழமை ஒரு வியாபாரி கேட்ட நம்பர் பிடிபடாமல், லாரி ஆபீஸுக்குப் பதிலாக அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டாள். "ஏம்மா, நான் உப்புதான விக்கிறேன், சாராயமா விக்கிறேன்?" என்று அவர் பாய்ந்தது, ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

அன்று சாயங்காலம் அக்கா புட்டியை எடுத்துக் குலுக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

"என்ன மூஞ்சிய அப்படி வெச்சிக்கிட்டிருக்க? இது இல்லன்னு தெரிஞ்சிபோச்சில்ல. அதுவும் ஒரு லாபம்தான். அடுத்தது என்னன்னு பாரு."

எங்கள் வகுப்பில் பரிசோதனை தப்பாகப் போனால் சோதனைக் குழாயை உடைத்தது போலத் திட்டுவார்கள். நெஞ்சு எரிய எரிய மூன்று நாள் உட்கார்ந்தே தூங்கிய ஒருத்தி, "அடுத்தது என்னன்னு பாரு" என்கிறாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது.

மறுநாள் பெரிய வியாழன். எங்கள் வீட்டில் அன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் டீயை நிறுத்திவிடுவோம். பெரிய வெள்ளி முழுக்க ஒருசந்தி விரதம், சனிக்கிழமையும் ஒரு வேளைக் கஞ்சிதான். ஈஸ்டர் காலையில்தான் மறுபடி டீ. அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம், வெள்ளை மருந்து குடித்தால் ஒருசந்தி முறிந்துபோகுமா என்று. பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். "மருந்து சாப்பாட்டுக் கணக்குல வராதும்மா, தாராளமா குடி" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே மருந்து தொடர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை அரை நாள் டூட்டி பார்த்துவிட்டுத்தான் கோவிலுக்கு வந்தாள்.

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு, போர்டுக்கு வேறு ஆள் வந்திருந்தார். மதியம் நாங்கள் இருவரும் கோவிலைக் கூட்டிக்கொண்டிருந்தோம். வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரை கோவில் மணி அடிப்பதில்லை. அதற்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள், அதுவும் அப்போது இல்லை. வெளியே காற்றுகூட அடங்கியிருந்தது. அக்கா பீடத்துப் படிக்கட்டில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய்… இங்க வாயேன்."

"என்னக்கா?"

"ஒண்ணுமே கேக்கலடி."

நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஐயோ, காதே போயிடுச்சா?"

"லூசு! நீ பேசறது கேக்குது. அதுதான் கேக்கல."

நாங்கள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டோம். அவள் ஒரு காதை மூடிப் பார்த்தாள், மற்றதை மூடிப் பார்த்தாள், இரண்டையும் மூடிப் பார்த்தாள். விசில் இல்லை, சில்வண்டு இல்லை. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தளர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். "எவ்ளோ நல்லாருக்குதுடி, ஒண்ணும் இல்லாம இருக்கறது" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? வெள்ளை மருந்து உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் விசில் நின்றுவிட்டது. எது நின்றதால் இது நின்றது? டீ! வியாழன் சாயங்காலத்திலிருந்து டீ இல்லை. படியிலிருந்து குதித்தேன். "டீ அக்கா! டீ!"

"கோவில்ல டீ டீன்னு கத்தாதடி, நாளைக்குத்தான் குடுப்பாங்க."

ஈஸ்டர் அன்றும் மறுநாளும் அக்காவுக்கு லீவு. அந்த இரண்டு நாளும் நான் அவளுக்கு டீ போட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஸ்டிராங்காக, லைட்டாக, பால் விட்டு, பால் விடாமல். அம்மா சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கிற அளவுக்குப் போட்டேன். அக்கா குடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. டீ குற்றவாளி இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், அக்காவுக்கு இல்லை. அவள் பாட்டுக்குக் கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, விசிலே இல்லாமல் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை டூட்டிக்குப் போனாள். இரவு வீடு திரும்பும்போது, "லேசா இருக்குதோன்னு தோணுது" என்றாள். புதன்கிழமை சாயங்காலம் ரேடியோ விசில் முழுதாக வந்து உட்கார்ந்துவிட்டது. மெடிக்கலுக்கு இன்னும் பத்து நாளுக்குக் குறைவாகத்தான் இருந்தது.

வீட்டு டீயில் வராத விசில் எக்ஸ்சேஞ்சில் வருகிறது. ஹெட்போனா? ஆனால் பெரிய வெள்ளியன்று காலை ஹெட்போன் போட்டுத்தானே உட்கார்ந்திருந்தாள்? அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் டீ. எக்ஸ்சேஞ்சுக்கு டீ கொண்டுவருபவர் உப்பளத்துக்கு டீ கொடுக்கிற அதே டீக்காரர். சைக்கிள் கேரியரில் பெரிய பித்தளைத் தூக்கைக் கட்டிக்கொண்டு, வரப்பு வரப்பாகச் சுற்றிவிட்டு வருவார். பித்தளை என்றதும் என் கெமிஸ்ட்ரி மூளை கொதித்தது. உள்ளே ஈயம் பூசியிருக்கிறாரா? பூசாவிட்டால் செம்பு இறங்குமே? அவர் தூக்கின் உள்பக்கத்தைப் பார்த்தே தீருவது என்று வியாழக்கிழமை முற்பகலிலேயே உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

மேஸ்திரி மகள்தான் என்றாலும், நான் அந்த வெயிலில் உப்பளத்தில் நின்று பழகியவள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. வானத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது, தரையைப் பார்த்தால் அதைவிடக் கூசுகிறது. கால்மணி நேரத்துக்குள் என் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தன. அந்த வெளிச்சத்துக்குள்தான் ஆட்கள் பாத்திகளில் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்காரர் மணியடித்ததும் எல்லோரும் வரப்புக்கு வந்தார்கள்.

அவர் முதல் ஆளைப் பார்த்துக் கேட்டார்: "வெயில் டீயா, வெறும் டீயா?"

"வெயில் டீதான்."

டீக்காரர் கிளாஸை நீட்டினார். நீட்டிய கையோடு, இன்னொரு கையால் தகர டப்பாவைத் திறந்து, இரண்டு வெள்ளை மாத்திரைகளை அந்த ஆளின் உள்ளங்கையில் போட்டார். அந்த ஆள் அதை வாயில் எறிந்துகொண்டு டீயை ஊற்றினார். அடுத்தவருக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே இரண்டு மாத்திரை. அதற்கடுத்த அம்மாவுக்கும் அதே. தூக்கு, ஈயம், செம்பு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"அண்ணே, அது என்ன மாத்திரை?"

"தலைவலி மாத்திரைம்மா. இந்த வெளிச்சத்துல நின்னா மண்டை பொளக்குமில்ல? டீயோட ரெண்டு போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

"தினமுமா?"

"தினமும் வெயில் அடிக்குதுல்ல?"

"எங்கக்காவுக்கு என்ன டீ குடுப்பீங்க?"

"பாப்பாவுக்கு எப்பவுமே வெயில் டீதான். நாலு தடவை போனாலும் நாலு தடவையும்."

"அது வெயில்லயே நிக்கலையே!"

"நீ ஒண்ணு. தலையில இரும்பை மாட்டிக்கிட்டு, ஊர் உலகத்துச் சண்டையெல்லாம் காதால கேக்குது. அதுக்குத் தலை வலிக்காதா?"

பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் திரும்பினேன். நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. "உங்களுக்குக் காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதாங்க?"

"எது, வண்டா?" அவர் சிரித்தார். "அது இல்லாதவங்க இங்க யாரு? அது உப்பளத்து வண்டும்மா. உப்பு வெக்கை காதுல ஏறினா கூவும். மழை பிடிச்சதும் பறந்துடும்."

"மழையில எப்படிப் போகுது?"

"மழையில உப்பு ஏது? வெக்கை ஏது? வீட்டுல கிடப்போம், அது பாட்டுக்குப் போயிடும்."

மழையில் உப்பு இல்லை. உப்பு இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வெயில் டீ இல்லை! எங்கள் ஊரில் அத்தனை பேரும் வண்டை வெக்கையின் கணக்கில் எழுதிக்கொண்டு, அது வருவதையும் போவதையும் பருவம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இதே ஊர்க்காரிதான். மேஸ்திரி வீட்டில் பிறந்தும் எனக்கு இந்த டீயே தெரியாமல் போயிருக்கிறது.

ஓடினேன். எக்ஸ்சேஞ்ச் கதவைத் திறந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது.

"வேற மருந்து எதுவும் சாப்பிடலைன்னியே!"

"சாப்பிடலையே."

"வெயில் டீ?"

அக்கா என்னைப் பார்த்தாள். உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "அது டீடி."

"மாத்திரை இருக்குதேக்கா அதுல!"

"இருக்குது. டீயோட குடுப்பாங்க. அது எப்படி மருந்தாகும்? டாக்டரா குடுத்தாரு?"

அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? சாமியார் மருந்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை, எங்கள் ஊர் மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. இரவு அப்பாவிடம் கேட்டபோது அவரும், "அட, எல்லாரும் சாப்பிடறதுதான, நான்கூடச் சாப்பிடறேன்" என்றார். "உங்களுக்குக் காது?" என்றேன். "வண்டு கொஞ்சம் உண்டு," என்றார், பல் கூச்சம் உண்டு என்பதுபோல.

மறுநாளே அக்காவை இழுத்துக்கொண்டு, வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்க்கத் திண்டிவனம் பஸ் ஏறினேன். பெருமுக்கல் தாண்டும்வரை அக்கா ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள். பிறகு, "அவரு முன்னாடி நீ ரொம்பப் பேசாத" என்றாள். நான் பேசினேன். குருத்தோலை ஞாயிறிலிருந்து நடந்ததையெல்லாம், சாட்சி சொல்வதுபோல, வரிசையாகக் கொட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை, குறுக்கே வெட்டவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் முழுதாகக் கேட்டார். அவருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள்.

"தலைவலி மாத்திரை நிறைய போனா காது இரையும், அது தெரிஞ்ச விஷயம்தான்," என்றார். "உன் அக்காகிட்ட நான் கேட்டேன், வேற என்ன மருந்துன்னு. இல்லைன்னுச்சு. அதே மாத்திரை வயித்தையும் புண்ணாக்கும். எரிச்சலே அதனாலதான் வந்திருக்கணும்."

"அப்போ வெள்ளை மருந்தை நிறுத்தினப்போ ஏன் சார் சத்தம் ஏறிச்சு?"

அவர் பேனாவை மேஜைமேல் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அந்த வெள்ளை மருந்து, மாத்திரையைச் சீக்கிரமா சிறுநீர்ல வெளியே தள்ள உதவி செஞ்சிருக்கலாம். அதை நிறுத்தினதும் மாத்திரை உடம்புல தங்கியிருக்கும். இருக்கலாம்னுதான் சொல்றேன். நிச்சயமா சொல்ல எனக்குத் தெரியாது."

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. குற்றவாளி என்று நான் பிடித்துக் கட்டிப்போட்ட வெள்ளை மருந்து, இத்தனை நாளும் காவல் காத்துக்கொண்டிருந்ததாம்! டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கிற புது மருந்து ஒன்று வெளிநாட்டில் வந்திருப்பதாகவும், அது இங்கே வரும்போது அதைச் சாப்பிடுகிறவர்களிடம் காதைப் பற்றியும் கேட்டு வைக்கலாம் என்றும் சொன்னார். கேட்டு வைக்கலாம் என்றுதான் சொன்னார். எந்த மருந்தையும் குற்றவாளியாக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. அந்தப் பேச்சு முறை எனக்குப் பிடித்திருந்தது. என்னால் இன்னும் அப்படிப் பேச முடிவதில்லை.

அக்கா மாத்திரையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கத்தின் நடுவே என் தொடையைக் கிள்ளி, "போயிடுச்சு" என்றாள். டீக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் என்னமோ விஷம் வெச்சவன் மாதிரி பேசறியேம்மா? கேட்டாங்க, குடுத்தேன்." அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிச் சொல்லித் தேற்றினேன். அதன்பிறகு எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று, "பாப்பாவுக்கு வெறும் டீதான், தங்கச்சி சண்டைக்கு வரும்" என்று அவரே உரக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். தலைவலி தாங்காமல் அக்கா ஒருநாள் ரகசியமாகக் கை நீட்டியபோதும் டப்பாவைத் திறக்கவில்லையாம். அவர் வியாபாரம் அது, இருந்தும் திறக்கவில்லை. அந்த மனுஷருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

மெடிக்கலில் டாக்டர் தன் கைக்கடிகாரத்தை அக்காவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே போனாராம். "கேக்குது… கேக்குது… இன்னும் கேக்குது" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் சுவரில் போய் முட்டிக்கொண்டாராம். இதில் எவ்வளவு அக்காவின் ஜோடனை என்று தெரியாது. ஆனால் ஆர்டர் வந்துவிட்டது. அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். வெள்ளை மருந்துப் புட்டி பாதி மிச்சத்தோடு அலமாரியில் கிடக்கிறது. நெஞ்செரிச்சலும் மெதுவாக அடங்கிவிட்டது, மீன் குழம்பு சாப்பிட்டால் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.

எல்லாம் முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அக்காவுக்குத் தலைவலி இருக்கிறது. முதலிலிருந்தே அதுதானே இருந்தது? தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் நெஞ்செரிச்சல், அதற்கு வெள்ளை மருந்து, நடுவே காதில் விசில். பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, இப்போது முதல் கண்ணியில் நிற்கிறோம். சாயங்காலமானால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். வாய் திறந்து மாத்திரை கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? ஒருநாள் வேறொரு கடையில் வாங்கிவிடுவாள், நிரந்தர வேலையில் இருக்கிறவளின் காது மறுபடி கூவும். வரப்பில் உட்கார்ந்து சிரித்தாரே, அந்த அம்மாவிடமும் போய் விவரம் சொன்னேன். "சரிம்மா, அப்போ தலைவலிக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அன்றும் அவர் வெயில் டீதான் குடித்தார்.

அதனால் இப்போது தலைவலியின்மேல்தான் என் கண். ஹெட்போன் பட்டையில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பார்த்தோம், கொஞ்சம் பலன் தெரிந்தது. போர்டில் நம்பர் படிக்கும்போது அக்கா கண்ணை இடுக்குவதைப் போன வாரம் கவனித்தேன். அவள் இடுக்கவே இல்லை என்கிறாள். மெடிக்கலில் கண்ணையும் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதினார்கள் என்கிறாள். ஆனால் எட்டத்தில் இருக்கும் எழுத்தைத்தான் அங்கே படிக்கச் சொன்னார்களாம். போர்டு இருப்பது அவள் மூக்குக்கு முன்னால்!

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், கண் டாக்டரிடம். கண்ணாடி போட்டால் கிழவி மாதிரி இருக்கும் என்று இப்போதே சண்டை நடக்கிறது. டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், திரும்பி வரும்போது கடைத்தெருவில் கெட்டியான பச்சைத் துணி வாங்கி, உப்பு அம்பாரத்தைப் பார்த்த அந்த ஜன்னலை, வெள்ளை வெளிச்சம் உள்ளே வராதபடி மூடிப் பார்க்கப் போகிறேன்.